பந்தய ட்ரோன்: கட்டுவதும் பறக்க விடுவதும்

பந்தய ட்ரோன் என்பது நான்கு மோட்டார், ஒரு சிறு கேமரா, ஒரு பேட்டரி ஆகியவற்றைக் கார்பன் ஃபைபர் சட்டத்தில் இறுக்கிக் கட்டிய பறக்கும் பொறி. கேமரா காணும் காட்சி 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தரைக்கு வருகிறது. பைலட் அதைக் காகிள்ஸில் பார்த்தபடி, ட்ரோனின் மூக்கிலேயே உட்கார்ந்திருப்பவரைப் போல ஓட்டுகிறார். கல்யாண வீட்டில் படமெடுக்கும் ட்ரோனுக்கும் இதற்கும் உருவத்தில் ஒற்றுமை உண்டு, குணம் வேறு. அது ஜிபிஎஸ் துணையோடு அந்தரத்தில் தானாக நிற்கும். ரிமோட்டிலிருந்து கையை எடுத்தாலும் விழாது. பந்தய ட்ரோனில் பொதுவாக ஜிபிஎஸ் வைப்பதில்லை. தானாக நேராகும் வசதி இருந்தாலும் பந்தயத்தில் அதை யாரும் போடுவதில்லை. எந்தச் சாய்வில் விட்டார்களோ அதே சாய்வில் போய்க்கொண்டே இருக்கும், மரமோ சுவரோ குறுக்கிடும் வரை.

ஆகவே இதை உடையப்போகும் பொருளாகவே எண்ணிக் கட்ட வேண்டும். பாகங்களைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து ஒயர் போகும் வழி வரை, ஒவ்வொரு முடிவுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது உடைந்தால் மைதானத்தில் வைத்தே மாற்ற முடியுமா?

விளையாட்டாக இதற்கு வயது அதிகமில்லை. 2014-இல் பிரான்சில், ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலுள்ள அர்கோனே என்ற ஊரின் மரங்களுக்கிடையே உள்ளூர் சங்கம் ஒன்று ஓட்டிய பந்தயத்தின் காணொளி உலகெங்கும் பரவியது. 2016-இல் துபாயில் நடந்த போட்டியில் இரண்டரை லட்சம் டாலர் முதல் பரிசை வென்ற அணியின் பைலட், பிரிட்டனைச் சேர்ந்த லூக் பேனிஸ்டர். 2018-இல் சீனாவின் ஷென்ஜென் நகரில் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்திய முதல் உலகச் சாம்பியன் போட்டியை வென்றவர் ஆஸ்திரேலியாவின் ரூடி பிரௌனிங். இருவருக்கும் வென்றபோது வயது 15. இந்த விளையாட்டில் அனுபவத்தின் இடத்தைப் பயிற்சி நேரம் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அளவு

ட்ரோன்களின் அளவு ப்ரொப்பெல்லரின் விட்டத்தை வைத்துச் சொல்லப்படுகிறது. பந்தயங்களில் அதிகம் புழங்குவது 5 அங்குலம். குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டு மோட்டார்களுக்கு இடைப்பட்ட தூரம் இதில் 200 முதல் 225 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3 அங்குலம், 7 அங்குலம் ஆகியவையும் உண்டு. ஆனால் அவற்றின் பயன்பாடு வேறு.

முதல் ட்ரோனாக 5 அங்குலம் பொருத்தமில்லை. அதன் ப்ரொப் விரலை எலும்பு வரை அறுக்கும். ப்ரொப்பைச் சுற்றி வளையம் போட்ட, முப்பது கிராம் அளவே எடையுள்ள டைனி வூப் என்ற சிறு வகை வீட்டுக் கூடத்திலேயே பறக்கும். சுவரில் மோதினால் பெரும்பாலும் சுவருக்கும் சேதமில்லை, ட்ரோனுக்கும் இல்லை. ரிமோட்டும் காகிள்ஸும் இரண்டுக்கும் பொதுவாக அமையும்படி வாங்கினால், வூப்பில் போட்ட பணத்தின் பெரும்பகுதி வீணாகாது.

பாகங்கள்

ஃப்ரேம் என்பது கார்பன் ஃபைபர் தகடுகளால் ஆன எலும்புக்கூடு. அதன் கை 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். நான்கு கைகளும் ஒரே தகட்டில் வெட்டப்பட்ட ஃப்ரேம் எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் ஒரு கை முறிந்தால் முழு ட்ரோனையும் பிரிக்க வேண்டும். தொடங்குபவருக்குக் கைகளைத் தனித்தனியே கழற்றும் ஃப்ரேமே ஏற்றது. கார்பன் ஃபைபருக்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும். தோல் உரிந்த ஒயர் ஃப்ரேமில் பட்டால் ஷார்ட். வானொலி அலையையும் மறைக்கும். ஆண்டெனாவைத் தகடுகளுக்கு நடுவே ஒளித்து வைத்தால் சிக்னல் போய்விடும்.

மோட்டாரின் பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது. 2207 என்றால் உள்ளே உள்ள ஸ்டேட்டரின் விட்டம் 22, உயரம் 7 மில்லிமீட்டர். அடுத்து வரும் கேவி எண், சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைக் காட்டுகிறது. 1950 கேவி மோட்டாருக்கு முழு சார்ஜில் 25.2 வோல்ட் கொடுத்தால் கணக்குப்படி 49 ஆயிரத்துக்கு மேல் சுற்றும். ப்ரொப் மாட்டியதும் அந்த எண் நன்றாகவே குறையும். ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே அது பயன்படும்.

பேட்டரியும் கேவியும் சேர்ந்தே தீர்மானிக்கப்படுபவை. லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒரு செல் பெயரளவில் 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். நான்கு செல் தொடராக இணைந்தது 4எஸ், ஆறு செல் இணைந்தது 6எஸ். 4எஸ் பேட்டரிக்கு 2400 முதல் 2600 வரை, 6எஸ் பேட்டரிக்கு 1700 முதல் 2000 வரை கேவி பொருந்தும். அதிக கேவி மோட்டாரைத் தவறி 6எஸ் பேட்டரியில் மாட்டினால் மோட்டாரோ, அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஈஎஸ்சி என்ற பலகையோ கருகும். பந்தய உலகம் 4எஸ்ஸிலிருந்து 6எஸ்ஸுக்கு நகர்ந்ததற்குக் காரணம் எளிய இயற்பியல்: அதே ஆற்றலுக்கு வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும், ஒயரிலும் பேட்டரியிலும் சூடு குறையும், பந்தயத்தின் கடைசிச் சுற்றிலும் வேகம் அவ்வளவாகத் தளராது.

நான்கு மோட்டாரும் ஒருசேர முழு வேகத்தில் இழுக்கும் கணத்தில் மின்னோட்டம் 100 ஆம்பியரைத் தாண்டும். 1300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி 100 ஆம்பியரில் 47 விநாடிதான் தாங்கும். உண்மையான பந்தயத்தில் முழு வேகம் விட்டுவிட்டே வருவதால் இரண்டு, மூன்று நிமிடம் கிடைக்கிறது. இவ்வளவு மின்னோட்டத்தை மோட்டார்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பலகைதான் ஈஎஸ்சி. நான்கு மோட்டாருக்கும் ஒரே பலகையாக வரும் ஈஎஸ்சி இப்போது வழக்கம். அதன் மேல் அடுக்காக அமர்வது ஃபிளைட் கன்ட்ரோலர். இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஜோடியாக வாங்கினால், இடையிலுள்ள ஒயர் வரிசை மாறிப் பலகை எரியும் ஆபத்து குறையும்.

ஃபிளைட் கன்ட்ரோலரின் சிறு சில்லில் உள்ள ஜைரோ, ட்ரோன் எந்த அச்சில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளக்கிறது. அதைப் பைலட் கேட்ட வேகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப நான்கு மோட்டாரையும் திருத்துவது பீட்டாஃபிளைட் என்ற திறந்த மூல மென்பொருள். இதன் வம்சாவளி சுவையானது. 2010 வாக்கில் நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் உணரிகளைக் கழற்றி ட்ரோனில் பொருத்தியவர்களின் மல்டிவீ மென்பொருளிலிருந்து பேஸ்ஃபிளைட், அதிலிருந்து கிளீன்ஃபிளைட், அதிலிருந்து 2015-இல் பீட்டாஃபிளைட் என்று கிளைத்து வந்தது.

ரிமோட் தொடர்புக்கு எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற திறந்த மூல முறை விலையும் குறைவு, தாமதமும் குறைவு. வேறு எதையும் தேட வேண்டியதில்லை. வீடியோவில்தான் தேர்வு கடினம். பழைய அனலாக் முறையில் படம் மங்கல், ஆனால் தாமதம் குறைவு. சிக்னல் நலிந்தால் படம் சிறிது சிறிதாகக் கெடும், திடீரென உறையாது. டிஜிட்டல் முறைகளில் டிஜேஐ, வாக்ஸ்நெயில் ஆகியவற்றின் படம் தெளிவானது. பந்தயத்தைக் கருதி உருவான எச்டிஜீரோ தாமதத்தில் அனலாக்கை நெருங்குகிறது. தாமதம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ட்ரோன் விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் போகிறது. 30 மில்லிவிநாடி தாமதம் என்றால் பைலட் பார்க்கும் இடத்தை ட்ரோன் 80 சென்டிமீட்டர் தாண்டிவிட்டது. அது நுழைய வேண்டிய கேட் பல பந்தயங்களில் ஐந்தடிக்கு ஐந்தடிதான்.

கட்டும் முறை

கட்டுமானத்தின் பாதி சால்டரிங். அது வராதவர் ட்ரோன் கட்ட முடியாது. வரவழைத்துக்கொள்வது கடினமும் அல்ல. பழைய பலகை ஒன்றில் இரண்டு மாலை ஒயர் ஒட்டிப் பழகினால் போதும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும், 60 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்ன், ஃபிளக்ஸ், 63க்கு 37 விகித ஈயம் ஆகியவை தேவை. இந்த விகித ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகும். அயர்னை 350 முதல் 400 வரை வைக்கிறார்கள். பேட்டரி ஒயர் சேரும் பெரிய பேடுகள் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் அகலமான முனை வேண்டும். முதலில் பேடிலும் ஒயரிலும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். நல்ல இணைப்பு பளபளவென்று, ஒயரின் இழைகள் உள்ளே தெரியும்படி படர்ந்திருக்கும். மங்கலாக, சொரசொரப்பாக, உருண்டையாக நின்றால் ஈயம் பிடிக்கவில்லை, பறக்கும்போது கழன்றுவிடும்.

மோட்டாரை ஃப்ரேமில் திருகும்போது வரும் ஒரு தவறு மிகவும் பரவலானது. எம்3 திருகு தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் கையைத் தாண்டி மோட்டாருக்குள் ஏறி, காயிலின் தாமிரக் கம்பியில் உராயும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. முதல் பறத்தலின் அதிர்வில் கம்பியின் எனாமல் பூச்சு தேய்ந்து ஷார்ட் ஆகி, மோட்டாரும் ஈஎஸ்சியும் சேர்ந்து போகும். கையின் தடிமனுக்கு மேல் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஏறினால் போதும். திருகியபின் அடித்துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்து, திருகு முனைக்கும் காயிலுக்கும் இடைவெளி இருப்பதை உறுதி செய்ய வேண்டும்.

பிறகு வரிசை இது: ஈஎஸ்சி பலகையை ரப்பர் புஷ்ஷோடு பொருத்துதல், மோட்டார் ஒயர்கள், பேட்டரிக்கான எக்ஸ்டி60 கனெக்டர், அதனருகிலேயே ஒரு கெப்பாசிட்டர். 6எஸ் ட்ரோனுக்கு 35 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கும் கெப்பாசிட்டர் வேண்டும். மோட்டார்கள் திடீரென நிற்கும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலை அது விழுங்கி, பலகையையும் வீடியோவையும் காக்கிறது. அதன் உடலில் பட்டைக் கோடு உள்ள பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

அடுத்து ஃபிளைட் கன்ட்ரோலர், அதன் அம்புக்குறி முன்பக்கம் பார்க்கும்படி. ரிசீவரின் அனுப்பும் முனை கன்ட்ரோலரின் பெறும் முனையோடும், பெறும் முனை அனுப்பும் முனையோடும் குறுக்காகச் சேர வேண்டும். கடைசியாகக் கேமராவும் வீடியோ டிரான்ஸ்மிட்டரும். ஆண்டெனா மாட்டாமல் வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து அதன் பெருக்கியைச் சுட்டுவிடும்.

முதல் பேட்டரியை மாட்டும் முன் மல்டிமீட்டரைக் கன்டினியுட்டியில் வைத்து எக்ஸ்டி60-இன் இரு முனைகளையும் தொட வேண்டும். கெப்பாசிட்டர் இருப்பதால் ஒரு கணம் பீப் ஒலித்து நிற்கலாம். தொடர்ந்து ஒலித்தால் எங்கோ ஷார்ட். மீட்டர் சரி என்றாலும் முதல் இணைப்பை ஸ்மோக் ஸ்டாப்பர் வழியாகவே கொடுப்பது நல்லது. மிகச் சிறிய விலையுள்ள அந்தக் கருவி, மின்னோட்டம் மீறினால் துண்டித்து, ஆயிரங்களைக் காப்பாற்றும்.

மென்பொருள் அமைப்பு

இந்தப் பகுதி முடியும்வரை ப்ரொப் மாட்டக் கூடாது. விதிவிலக்கு கிடையாது. மேசையில் திடீரெனச் சுழலத் தொடங்கிய ட்ரோனால்தான் இந்தப் பொழுதுபோக்கின் மோசமான காயங்கள் ஏற்படுகின்றன.

கணினியில் பீட்டாஃபிளைட் கன்ஃபிகரேட்டரைத் திறந்து ட்ரோனைக் கையில் சாய்த்தால், திரையிலுள்ள உருவமும் அதே பக்கம் சாய வேண்டும். மோட்டார் எண்கள் பின்வலம் 1, முன்வலம் 2, பின்னிடம் 3, முன்னிடம் 4 என்று அமையும். இயல்பான அமைப்பில் 1, 4 கடிகாரத் திசையிலும் 2, 3 எதிர்த்திசையிலும் சுழலும். பந்தயக்காரர் பலர் இதைத் தலைகீழாக்குகிறார்கள்; அப்போது முன் ப்ரொப்கள் புல்லையும் மண்ணையும் கேமரா மீது வீசாமல் வெளிப்பக்கம் தள்ளும். எதைத் தேர்ந்தாலும் மென்பொருளும் ப்ரொப்பும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஆர்ம் செய்த (மோட்டார்களைச் சுழல விட்ட) கணமே ட்ரோன் குப்புறப் புரளும்.

ரிமோட்டின் சுவிட்சுகளில் ஆர்ம், ட்ரோனைத் தானாக நேராக்கும் ஆங்கிள், ஒலி எழுப்பும் பீப்பர், டர்ட்டில் ஆகிய நான்கும் போதும். டர்ட்டில் என்பது தலைகீழாக விழுந்த ட்ரோனை மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றித் தானே நிமிர வைப்பது. ஃபெயில்சேஃப் சோதனையைத் தவறவிடக் கூடாது: ப்ரொப் இல்லாமல் ஆர்ம் செய்து, மோட்டார் சுழலும்போது ரிமோட்டை அணைத்துப் பார்த்தால் உடனே மோட்டார்கள் நிற்க வேண்டும். நிற்காத ட்ரோன் ஒரு நாள் யார் வீட்டுக் கூரையிலாவது போய் இறங்கும்.

பி.ஐ.டி. எண்களைத் திருகுவதில் புதியவர்கள் நேரத்தை விரயமாக்குகிறார்கள். பி என்பது பிழையின் அளவுக்கேற்ற திருத்தம், ஐ நீடித்து நிற்கும் பிழைக்கானது, டி துள்ளலை அடக்குவது. டி கூடினால் மோட்டார் சூடாகும். இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும். பீட்டாஃபிளைட்டின் இயல்பு எண்கள் 5 அங்குல ட்ரோனை நன்றாகவே பறக்க வைக்கும். இரண்டு நிமிடம் பறந்து இறங்கியதும் மோட்டாரை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்ட விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஏதோ தவறு. அது பெரும்பாலும் வளைந்த ப்ரொப்பாகவோ தளர்ந்த திருகாகவோ இருக்கும்.

பறக்கப் பழகுதல்

ட்ரோன் கட்டி முடியும் முன்பே பறக்கப் பழகியிருக்க வேண்டும். லிஃப்ட்ஆஃப், வெலாசிட்ரோன் போன்ற சிமுலேட்டர்கள் உண்மையான ரிமோட்டையே யுஎஸ்பி வழியாக ஏற்றுக்கொள்ளும். இடக்குச்சியில் த்ராட்டில் (மோட்டார் வேகம்), யா (இடவலத் திருப்பம்), வலக்குச்சியில் பிட்ச் (முன்பின் சாய்வு), ரோல் (பக்கச் சாய்வு) என்ற மோட் 2 அமைப்பே பரவலானது. ஆங்கிள் மோடில் பழகிவிட்டு, தானாக நேராகாத அக்ரோ மோடுக்கு மாறலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு முறை கற்கிறார்கள். முதல் நாளே அக்ரோவில் தொடங்குவது சிறந்தது. முதல் சில மணி நேரம் தரையில் மோதுவதிலேயே போகும், சிமுலேட்டரில் அதற்குச் செலவில்லை.

சிமுலேட்டரை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குபவர்கள் ஜூரிச் பல்கலைக்கழகத்தின் ஸ்விஃப்ட் ட்ரோனைக் கவனிக்கலாம். பெரும்பாலும் சிமுலேஷனிலேயே பயிற்றுவிக்கப்பட்ட அந்தத் தானியங்கி ட்ரோன், உண்மையான பாதையில் மூன்று சாம்பியன் பைலட்டுகளை முந்திய விவரம் 2023 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளியானது.

களத்தில் முதல் பறத்தலுக்குக் கேமராச் சாய்வு 15 முதல் 20 டிகிரி. சாய்வு கூடினால், அடிவானத்தைக் காட்சியில் பிடிக்க ட்ரோன் அந்த அளவுக்கு முன்னால் குனிய வேண்டும். குனிந்தால் வேகம் தானாகக் கூடும். பந்தயத்தில் 40 டிகிரிக்கு மேல் வைப்பவர்கள் நிதானமாகப் பறக்க நினைத்தாலும் முடியாது. முழுக் குச்சியில் விநாடிக்கு 670 டிகிரி என்ற பீட்டாஃபிளைட்டின் இயல்புத் திருப்ப வேகமும் தொடக்கத்துக்குப் போதுமானது. அதிலேயே அரை விநாடியில் ஒரு குட்டிக்கரணம் முடிந்துவிடும். இடத்தைப் பொறுத்தவரை உயரமான புல் நிறைந்த வெட்டவெளி வேண்டும்; மோதலைப் புல் தாங்கும். ஆடிக்காற்றில் முதல் பறத்தலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பேட்டரி

லித்தியம் பாலிமர் பேட்டரிதான் இந்தப் பொருட்களில் மிக ஆபத்தானது. 1300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 1.3 ஆம்பியரில், செல்களைச் சமன்செய்யும் சார்ஜரில், ஆள் அருகில் இருக்கும்போதே சார்ஜ் போட வேண்டும். செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட் வந்ததும் இறங்கிவிட வேண்டும். அடுத்த ஓரிரு நாளில் பறக்கப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைத்த பேட்டரி உப்பிப்போகும். உப்பியதை, நசுங்கியதை மறுபடி சார்ஜ் போடக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரிப் பையை விட்டுவிட்டுப் போவது தீ விபத்தை விலைகொடுத்து வாங்குவது.

சட்டம்

இந்தியாவில் 2022 பிப்ரவரி முதல் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை உள்ளது, பாகங்களுக்கு இல்லை. பாகங்களை வாங்கிக் கட்டுவதே இங்கு நடைமுறை வழியாகிவிட்டதற்கு இதுவும் காரணம். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோவுக்குள் உள்ளது மைக்ரோ வகை. வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலத்துக்குள், 400 அடிக்குக் கீழே பறக்கலாம். சிவப்பு மண்டலத்தில் அனுமதியின்றிப் பறப்பது குற்றம். காகிள்ஸ் அணிந்தவருக்குச் சுற்றுப்புறம் தெரியாது; ட்ரோனையும் வானத்தையும் வெறுங்கண்ணால் பார்க்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இலங்கையில் பறப்பவர்கள் அந்நாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பந்தய நாள்

பந்தயத்தில் எட்டு பேர் வரை ஒரே நேரத்தில் பறக்க 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேஸ்பேண்ட் என்ற எட்டு சேனல்கள், 37 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், 5658 முதல் 5917 வரை உள்ளன. இந்தியாவில் உரிமமில்லாமல் பயன்படுத்தும் எல்லை 5875-இல் முடிவதால் ஏழாவது, எட்டாவது சேனல்கள் இங்கு பொருந்தா. அனுப்பும் ஆற்றல் 25 மில்லிவாட். கூட்டினால் பக்கத்துச் சேனலில் பறப்பவரின் படம் கெடும். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு: அடுத்தவர் பறந்துகொண்டிருக்கும்போது, அவருடைய சேனலில் தன் ட்ரோனுக்குப் பேட்டரி மாட்டுவது. அவர் அந்தக் கணமே குருடாவார். நடுவரிடம் கேட்காமல் பேட்டரி மாட்டக் கூடாது என்பது இந்த விளையாட்டின் எழுதப்படாத முதல் ஒழுக்கம். பல இடங்களில் அது எழுதப்பட்ட விதியும்கூட.

சுற்று நேரத்தை அளக்கும் கருவியும் வீடியோ சிக்னலையே பயன்படுத்துகிறது. ட்ரோன் கேட்டை நெருங்க நெருங்க அதன் சிக்னல் வலுத்து, தாண்டியதும் தேயும். அந்த உச்சத்தைச் சுற்றின் முடிவாகக் கொள்கிறார்கள். திறந்த மூல ரோட்டர்ஹசார்ட் இவ்வகைதான்.

பாதையை முதலில் நடந்து பார்க்க வேண்டும். கேட்டின் நடுவைப் பார்த்து ஓட்டுவதைவிட, ஒரு கேட்டைத் தாண்டும்போதே அடுத்த கேட்டைக் கண் தேடுவது முக்கியம். புதியவர் தோற்பது பெரும்பாலும் வேகக் குறைவால் அல்ல, மோதலால். முழுச் சுற்றுகளையும் மோதாமல் முடிப்பவர் முதல் பந்தயத்திலேயே பாதிப் பேரை முந்திவிடுவார்.

மோதிய ட்ரோனை அப்படியே மறுபடி ஏற்றக் கூடாது. ப்ரொப்பை மாற்ற வேண்டும், மோட்டாரைக் கையால் சுழற்றிச் சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பேட்டரிப் பட்டையையும் ஆண்டெனாவையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பையில் மாற்று ப்ரொப் பத்து ஜோடி, மோட்டார் ஒன்று, ஃப்ரேம் கை இரண்டு, வீடியோ ஆண்டெனா ஒன்று, எம்3 திருகுகள், பேட்டரியில் இயங்கும் சால்டரிங் அயர்ன், தலைகீழாக வைத்து வேலை செய்ய ஒரு துண்டு ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாமல் போனவர் முதல் மோதலுக்குப் பிறகு பார்வையாளர்தான்.